காரில் ஏறாத அன்ரி

ஆக்லாந்தில் நான் கார் ஓட்டப் பழகிய வருடம், என் காரில் ஏற மாட்டோம் என்று நின்றவர்கள் இரண்டு பேர். ஒருவர் என் கணவர். அவர் உயிருக்குப் பயந்தவர். மற்றவர் முன்வீட்டு அன்ரி. அவருக்குப் பயம் என்று ஒன்றும் இல்லை. அவர் யாருடைய காரிலும் ஏற மாட்டார், அவ்வளவுதான்.

அன்ரியின் பெயரை எழுதப் போவதில்லை. அவருடைய மகன் ஜூட் இன்னும் இதே ஊரில்தான் இருக்கிறான். "அம்மாவைப் பற்றி ஊருக்கெல்லாம் எழுதிப்போட்டியளே அக்கா" என்று வாசலில் வந்து நிற்பான். எங்கள் எல்லாருக்கும் அவர் அன்ரி. நாங்களும் அதற்கு மேல் கேட்டதில்லை.

ஏவன்டேலில் ஒரு பழைய பலகை வீட்டை இரண்டாகப் பிரித்து வாடகைக்கு விட்டிருந்தார்கள். முன்பக்கம் அன்ரியும் ஜூட்டும், பின்பக்கம் நாங்கள். டவுணில் அந்த உயரக் கோபுரம் பாதி எழும்பி நின்ற காலம் அது. ஜூட் பிளாஸ்டிக் தொழிற்சாலையில் வேலை. கலியாணம் ஆகவில்லை. தாயைக் கூப்பிட நாலு வருடம் விசாவுக்கு அலைந்தவன். கூப்பிட்டபின் தாயை ஒரு கண்ணாடிக் குவளை மாதிரி வைத்திருக்க வேண்டும் என்று நினைத்தான். குவளை வீட்டில் நிற்காது என்று பாவம் அவனுக்குத் தெரியாது.

என்னுடையது ஜப்பானில் இருந்து வந்த பழைய நிசான். ரேடியோவில் ஒரு ஸ்டேஷனும் உருப்படியாக எடுக்காது. லைசென்சில் இரண்டு தரம் தவறி, மூன்றாம் தரம் சோதிக்க வந்த மனுஷன் இரங்கிப் பாஸ் போட்டுவிட்டான் என்று என் கணவர் இன்றைக்கும் சொல்லிக்கொண்டிருக்கிறார். கார் கிடைத்த பிறகு எனக்கு யாரையாவது ஏற்றவேண்டும். சும்மா ஓட்டினால் ஓட்டின மாதிரியா? முன்வீட்டில் ஒரு ஆள் நடந்து திரியும்போது வேறு எங்கே போவேன்.

"அன்ரி, ஏறுங்கோ, கடையடியில விடுறன்."

"நீ போ பிள்ளை. கார் போய் இறக்கும், இடம் காட்டாது."

இதுதான் பதில். எத்தனை தரம் கேட்டாலும் இதேதான், இதே குரலில். கோபம் இல்லை, மன்னிப்பும் இல்லை. பஞ்சு பஞ்சாய்ப் போன ஒரு கம்பளிச் சட்டை, ஜூட் வாங்கிக் கொடுத்த வெள்ளைச் சப்பாத்து, சேலையைக் கணுக்காலுக்கு மேல் தூக்கிச் செருகின ஒரு செருகல், கையில் பிளாஸ்டிக் பை. அதற்குள் தண்ணீர்ப் போத்தலும் இரண்டு துண்டுப் பாணும் சம்பலும். ஜூட் வேலைக்குப் போக, அன்ரி வெளிக்கிட்டுவிடுவார்.

அந்த நாட்களில் இங்கே தமிழ்ச் சனம் குறைவு. ரோட்டில் ஒரு தமிழாள் நடந்து போவதைக் கண்டால் காரை நிற்பாட்டாமல் போகக் கூடாது. போனால், கண்டும் காணாத மாதிரிப் போட்டினம் என்று கதை வரும். அதனால் அன்ரி நடந்தால் ரோட்டில் போகிற தமிழ்க் கார்கள் ஒவ்வொன்றாக நிற்கும். வந்த புதிதில், மறுத்தால் மனம் நோவார்களே என்று அவரும் ஒன்றிரண்டு தரம் ஏறியிருக்கிறார். காலை முழுக்க நடந்து போய்ச் சேர்ந்த இடத்தில் இருந்து நல்ல மனதோடு ஏற்றிக்கொண்டு வந்து, புறப்பட்ட வாசலிலேயே இறக்கிவிட்டுப் போய்விடுவார்கள். "பாவம், நடந்து களைச்சுப் போனா" என்று ஜூட்டுக்குப் புத்திமதி வேறு. அதற்குப் பிறகுதான் ஏறுவதில்லை என்று முடிவு.

சான்ட்ரிங்ஹாமில் இருந்த ஒரு கணக்காளர் லேசில் விடுகிற ஆள் இல்லை. அன்ரி மாட்டேன் என்ற பிறகும், நாலு பக்கமும் லைற் மின்ன மின்ன, நடக்கிற வேகத்திலேயே காரைப் பின்னால் விட்டுக்கொண்டு வந்திருக்கிறார். அதற்குப் பின்னால் பஸ், பஸ்ஸுக்குப் பின்னால் ஊர் முழுக்க. அன்ரி திரும்பிப் பார்த்தார். பிறகு பக்கத்தில் இருந்த பார்க்குக்குள் நுழைந்து, புல்லுக்குக் குறுக்கால நடந்து, மற்றப் பக்கத்து ரோட்டில் ஏறிவிட்டார். கணக்காளர் ஜூட்டுக்கு ரெலிபோன் எடுத்து, தாய்க்கு ஏதோ குழப்பம் போல, டொக்டரிடம் காட்டச் சொன்னார்.

ஏன் இந்தப் பிடிவாதம் என்று நான் ஒருநாள் கேட்டேன். அவர் குசினியில் மீன் வெட்டிக்கொண்டிருந்தார். கத்தியை நிற்பாட்டாமல் சொன்னார்.

"மன்னார்ல வீட்டு வாசல்ல ட்ரக்டர்ல ஏத்தினாங்கள், மடுக் கோயிலடியில இறக்கினாங்கள். பிறகு வள்ளத்தில ஏத்தினாங்கள், இருட்டுக்குள்ள ஒரு மணல்ல இறக்கினாங்கள். பிறகு லொறி. பிறகு பிளேன். இஞ்ச இவன் எயர்போட்டில காருக்குள்ள ஏத்தி இந்தப் படியில இறக்கினான். ஏத்தினதும் இறக்கினதும்தான் பிள்ளை. நான் எங்கை நிக்கிறன் எண்டு ஒருத்தரும் எனக்குச் சொல்லேல்ல. நடந்து பாத்தால்தானே தெரியும்."

பிறகு மீன் தலையை எனக்கு வேண்டுமா என்று கேட்டார். நான் ஓம் என்று வாங்கிக்கொண்டு வந்தேன்.

அவரிடம் எனக்குப் பிடிக்காத பழக்கம் ஒன்று இருந்தது. வெளிக்கிடும்போது எங்கே போகிறீர்கள் என்று யாரும் கேட்கக் கூடாது. எங்கள் சனத்தில் இது எல்லார் வீட்டிலும் உள்ளதுதான், ஆனால் வெளிநாட்டுக்கு வந்து அரைவாசிப் பேர் மறந்துவிட்டோம். அன்ரி மறக்கவில்லை. ஒருநாள் உடுப்புக் காயப்போட்டுக்கொண்டு நின்ற நான் வாய் தவறி, "எங்கை அன்ரி வெளிக்கிட்டாச்சு?" என்று கேட்டுவிட்டேன். கேற்றடிக்குப் போனவர் அப்படியே திரும்பி வந்தார். உள்ளே போய்க் கதிரையில் இருந்து, ஒரு கோப்பை தண்ணீர் குடித்து, சிலுவை போட்டு, மறுபடியும் வெளிக்கிட்டார். கேற்றடியில் என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே! அதற்குப் பிறகு அவர் வருகிற சத்தம் கேட்டால் நான் சேலை காயப்போடுகிற கொடிக்குப் பின்னால் போய்விடுவேன்.

எல்லாம் பொலிஸ் கார் வந்த நாளோடு மாறியது. அன்ரி எந்த ஒழுங்கையால் எப்படி இறங்கினாரோ, மோட்டர்வே ஓரமாக நடந்துகொண்டு நின்றிருக்கிறார். கார்கள் பறக்கிற இடம். ஒரு இளம் பொலிஸ்காரன், நல்ல பிள்ளை, மறுக்க விடாமல் கையைப் பிடித்து ஏற்றிக்கொண்டு வந்து வீட்டில் விட்டான். அவன் தொப்பியைக் கழற்றி அன்ரிக்கு வணக்கம் மாதிரி ஏதோ செய்துவிட்டுப் போனதை நான் என் கண்ணால் கண்டேன். ஆனால் பொலிஸ் கார் வாசலில் நின்றதை ஊரே கண்டது. பின்னேரம் முழுக்க ரெலிபோன் அடித்தபடி இருந்தது.

ஜூட் வேலையால் வந்தான். தாயின் வெள்ளைச் சப்பாத்துகளை எடுத்துக் காரின் டிக்கிக்குள் போட்டுப் பூட்டினான். அடுத்தநாள் அன்ரி ரப்பர் செருப்போடு வெளிக்கிட்டார். அன்றிரவு சமையல் நடக்கிற நேரம் சண்டை. முன்வீட்டில் மிளகாய்த்தூள் கடன் கேட்கப் போன நான் நடுவில் மாட்டிக்கொண்டேன்.

"இனி நீங்கள் தனிய வெளிய போகேலாது அம்மா. இங்கிலீஷும் தெரியாது, ரோட்டும் தெரியாது. நான் மெசினுக்கு முன்னால நிக்கிறனோ, உங்களைத் தேடித் திரியிறனோ?"

"தேடச் சொல்லி ஆர் கேட்டது?"

அவ்வளவுதான், அவன் தொடங்கிவிட்டான்.

"அப்பா அண்டைக்கு சைக்கிளை எடுத்துக்கொண்டு வெளிக்கிட்டவர். எங்கை போறியள் எண்டு கேக்க வாயெடுத்தன். கேளாதை, சகுனம் பிழைக்கும் எண்டு நீங்கள்தான் என்ர வாயைப் பொத்தினனீங்கள். பிறகு எந்தப் பக்கம் போய்த் தேடுறது எண்டு தெரிஞ்சுதோ எங்களுக்கு?"

அவனுடைய அப்பா திரும்பி வரவில்லை. மன்னாரில் அந்த நாட்களில் அப்படி வராமல் போனவர்கள் பலர். இதை ஜூட் அதுவரை என்னிடம் சொன்னதில்லை. தாயிடமும் இப்படிச் சொல்லியிருக்க மாட்டான் என்று அன்ரியின் முகத்தைப் பார்க்கத் தெரிந்தது. அடுப்பில் கறி அடிப்பிடித்தது. நான்தான் போய் அடுப்பை அணைத்தேன்.

அன்ரி சொன்னார்: "சரி. வாற சனிக்கிழமை என்னை உனக்கு விருப்பமான இடத்தில கொண்டுபோய் இறக்கிவிடு. நான் ஒருநாளும் நடந்து போகாத இடமாப் பார். பொழுதுபட முன்னம் நான் வீட்டை வராட்டி, இனி இந்தக் கேற்றைத் தாண்டேல்ல. வந்தால், நீ என்ர சப்பாத்தில கை வைக்கப்படாது."

"பஸ்ஸில வரக்கூடாது. ஒருத்தற்ற காரிலயும் ஏறக்கூடாது," என்றான் ஜூட்.

"அதை நீயடா எனக்குச் சொல்லுறது!"

சனிக்கிழமை காலை அவன் கள்ளத்தனமாக ஊரெல்லாம் சுற்றி, திசை பிசகச் செய்து, டவுணில் குயின் ஸ்ட்ரீட் அடியில், படகுகள் வந்து நிற்கிற துறைமுகத்தில் தாயை இறக்கிவிட்டு வந்தான். அன்ரி டவுணுக்கு முன்பு ஒரே ஒரு தரம் விசா அலுவலாகக் காருக்குள் இருந்து போனவர். வந்து கதிரையில் இருந்த ஜூட் ரிமோட்டைக் கையில் வைத்திருந்தான், ரீவியைப் போடவில்லை. என் கணவர் அவனுக்குத் துணையாகப் போய் இருந்தார். நான் தேத்தண்ணி போட்டேன்.

பத்து மணி போல முதல் ரெலிபோன்.

"தம்பி, உம்மட அம்மா குயின் ஸ்ட்ரீட்டில தனிய நடந்து போறா. கார் ஏதும் பழுதோ?"

பிறகு யூனிவர்சிற்றியில் படிக்கிற ஒரு பொடியன். "அன்ரி சவக்காலைக்குள்ள, ஒரு கல்லறைக்குப் பக்கத்தில இருந்து பாண் சாப்பிடுறா அண்ணை. சுகமா இருக்கிறாவோ?" பிறகு அந்தக் கணக்காளர். "நான் நிப்பாட்டிக் கேட்டன், என்னைக் கண்டதும் ஒரு படிக்கட்டால இறங்கிப் போட்டா. வீட்டில ஏதும் மனஸ்தாபமோ?" பிறகு சான்ட்ரிங்ஹாம் கடைக்காரர். அவர்தான் நன்றாகக் கொடுத்தார். "தேத்தண்ணி குடுத்தனான், குடிச்சிட்டு வெளிக்கிட்டிட்டா. நடக்கவிட்டிட்டு வீட்டில இருக்கிறீர். நீர் எல்லாம் என்ன பிள்ளை ஐசே?"

ஒவ்வொரு அழைப்புக்கும் ஜூட்டின் காது சிவந்துகொண்டு வந்தது. பந்தயம் என்று சொல்ல அவனால் முடியுமா? "ஓம் அண்ணை, ஓம் அண்ணை" என்று கேட்டுக்கொண்டு நின்றான். எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. இவர் என்னை முறைத்தார். ஆனால் அவருக்கும் வாய் கோணியது.

சான்ட்ரிங்ஹாமுக்குப் பிறகு ஒருவரும் எடுக்கவில்லை.

அதுவரை திட்டு வாங்கிக்கொண்டிருந்த ஜூட், இப்போது யாராவது எடுத்துத் திட்டமாட்டார்களா என்று ரெலிபோனைப் பார்த்துக்கொண்டு நின்றான். தானாகவே கடைக்காரருக்கு எடுத்தான். அன்ரி எப்போதோ போய்விட்டார் என்றார் அவர். இன்னும் நாலைந்து பேருக்கு எடுத்தான். ஒருவரும் காணவில்லை. குளிர்காலம், வெளிச்சம் கெதியில் சாயும். வேலியின் நிழல் வாசல் வரை வந்ததும் அவன் எழும்பினான். ஆணியில் கொழுவியிருந்த காரின் திறப்பை எடுத்தான்.

"காரை நான் ஓட்டுறன், நீ ரோட்டைப் பார், வா," என்றேன். இவர் ரெலிபோனடியில் நிற்க, நாங்கள் இரண்டு பேரும் ஓடிப்போய் என் காரில் ஏறினோம்.

நியூ நோர்த் ரோட்டால் மேலே போனோம். ஒவ்வொரு பஸ் தரிப்பையும் ஜூட் எட்டிப் பார்த்தான். ஒரு கிழவியைக் கண்டு "நிப்பாட்டுங்கோ!" என்று கத்தினான். அது ஒரு சமோவாப் பெண்மணி, பின்னேரப் பூசைக்குப் போகிற வெள்ளைத் தொப்பியோடு. மன்னிப்புக் கேட்டுவிட்டு வந்தோம். அவன் எதை நினைக்கிறான் என்று எனக்குத் தெரியும். அந்தச் சைக்கிள் என் கண்ணுக்குள்ளும் போய்க்கொண்டிருந்தது. மாதாவே, இந்த மனுஷியை மட்டும் காட்டிவிடு என்று சைவக்காரி நான் மன்றாடினேன்.

சுற்றிவிட்டு வீட்டு வாசலுக்கு வர, இவர் கேற்றடிக்கு ஓடி வந்தார். "இப்பதான் பிளாக்ஹவுஸ் பேயில இருந்து ஒரு ஆள் எடுத்தவர். அன்ரி அங்க கடற்கரையில தனிய இருக்கிறாவாம். உடன போகட்டாம்."

கடற்கரை என்றதும் ஜூட்டின் முகம் போன போக்கை நான் சொல்ல மாட்டேன். எங்கள் ரோட்டு நேரே போய் அந்தக் கடலில்தான் முடிகிறது. அந்த இறக்கத்தில் நான் விட்ட வேகத்துக்கு என் லைசென்சை அப்போதே பிடுங்கியிருக்கலாம்.

அன்ரி மணலுக்கு மேலே ஒரு மர வாங்கில் காலைத் தொங்கவிட்டுக்கொண்டு இருந்தார். செருப்பைக் கழற்றிப் பக்கத்தில் வைத்திருந்தார். சேலைக் கரை நனைந்திருந்தது. ஜூட் காரை விட்டு இறங்கி ஓடினான். கிட்டப் போனதும் நின்றுவிட்டான்.

"பொழுதுபட்டிட்டுது அம்மா," என்றான்.

"வெயில் இருக்கேக்கையே வீட்டை வந்திட்டன். நீ ஜன்னலடியில நிண்டு ரெலிபோனில கதைச்சுக்கொண்டு நிண்டனீ. கேற்றில பையைக் கொழுவிப்போட்டுத்தான் வந்தனான்."

"பிறகு ஏன் உள்ள வரேல்ல?"

"காலமை ஒரு கடலடியில இறக்கிவிட்டனீ. மேட்டில ஏறிப் பாத்தன், மற்றப் பக்கமும் ஒரு கடல் தெரிஞ்சுது. இவ்வளவு தூரம் வந்திட்டு மற்றக் கடலைப் பாக்காமல் இருக்கலாமோ? இது பெரிய ஊர் இல்லையடா. இந்தத் தண்ணிக்கும் அந்தத் தண்ணிக்கும் நடுவில ஒரு நாள் நடைதான்."

ஜூட் மணலில் குந்திவிட்டான். அழுதான். சத்தம் போட்டு, மூக்கு ஒழுக, வயது வந்த ஆண்பிள்ளை அழுதான். அன்ரி அவன் தலையில் கை வைக்கவில்லை. பக்கத்தில் கிடந்த செருப்பைப் போட்டுக்கொண்டு, அவன் அழுது முடியும் வரை காத்திருந்தார்.

பிறகு எழும்பி என் காருக்கு வந்தார். நான் பின்கதவைத் திறந்து பிடித்தேன், தாய்மாரைப் பின்னால்தானே இருத்துவது. அவர் அதைச் சாத்திவிட்டு முன்கதவைத் திறந்து ஏறி இருந்தார்.

"அன்ரி!" என்றேன் நான்.

"ஏன் பிள்ளை? நான் எங்கை இருக்கிறன் எண்டு இப்ப எனக்குத் தெரியும். இனி ஏறலாம். எடு."

ஜூட் பின்னால் ஏறினான். நான் வந்த வழியே திருப்பப் போனேன். "அதால வேண்டாம், அது சுத்து. இடக்கைப் பக்கம் எடு. அந்தப் பைன் மரத்தடியால மேல ஏத்து," என்றார். ஏற்றினேன். நான் ஒருநாளும் காணாத ஒரு ரோட்டு. இரண்டு திருப்பத்தில் எங்கள் வீட்டு வேலி தெரிந்தது. கேற்றில் அந்தப் பிளாஸ்டிக் பை தொங்கிக்கொண்டிருந்தது. நாங்கள் மூன்று பேரும் அதை இடித்துக்கொண்டுதான் உள்ளேயும் வெளியேயும் ஓடியிருக்கிறோம்.

அன்றைய நடை பற்றி அவர் பெரிதாகக் கதை சொல்லவில்லை. டெயரி என்று இங்கே சொல்லுகிற மூலைக்கடை ஒன்றில் குஜராத்திக்காரர் ரொயிலற்றுக்கு விட்டாராம், நல்ல மனுஷன். கோபுரத்தை முதுகில் வைத்து, ஒற்றை மரம் நிற்கிற மலையை இடக்கைப் பக்கம் வைத்து நடந்தால் வீடு வருமாம். அவ்வளவுதான் விபரம்.

அடுத்த சனிக்கிழமை நான் கொடியில் உடுப்புப் போட்டுக்கொண்டு நின்றேன். அன்ரி வெள்ளைச் சப்பாத்தோடு, பையோடு, சிலுவை போட்டு வெளிக்கிட்டார். கேற்றில் கை வைக்க, வாசல்படியில் நின்ற ஜூட் கூப்பிட்டான்.

"அம்மா, எங்கை போறியள்?"

நான் உடனே கொடிக்குப் பின்னால் போய்விட்டேன். அன்ரி நின்றார். திரும்பி வருவார், கதிரை, தண்ணீர், சிலுவை, பிறகு அந்தப் பார்வை என்று நான் காத்துக்கொண்டிருந்தேன். அவர் வரவில்லை. கேற்றைப் பிடித்தபடி மகனைக் கொஞ்ச நேரம் பார்த்தார்.

"மீன் கடைச் சந்தியால திரும்பி, பச்சைக் கூரைக் கோவிலைத் தாண்டி, பள்ளிக்கூட வேலியோட போய், ஒற்றை மரத்து மலைக்கு. திரும்பி வாறது வேற ரோட்டால, ரயில் பாதைப் பக்கத்தால," என்றார். "போட்டு வாறன்."

போய்விட்டார். ஜூட் அவர் வளைவில் திரும்பும் வரை அப்படியே நின்று, "மீன் கடை, பச்சைக் கூரை, பள்ளிக்கூடம், மலை, ரயில் பாதை" என்று மெல்லச் சொல்லிக்கொண்டிருந்தான். பிறகு என்னைக் கண்டான்.

"அக்கா, இஞ்ச மீன் கடை எங்கை இருக்கு?"

எனக்கு எங்கே தெரியும்? நான் காரில் போகிறவள்.